ஆப்புக்குக் காசு வாங்கும் முன்

முதலில் உங்கள் செலவு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். சர்வர், மேப், சேமிப்பிடம் என்று மாதாமாதம் பணம் போனால் சந்தாதான் சரி. ஒரே தடவை காசு வாங்கிவிட்டால், மூன்று வருடம் கழித்தும் ஆப்பைத் திறக்கும் பயனர் உங்களுக்கு நஷ்டக் கணக்கு. எல்லாமே போனுக்குள் முடிந்துவிடும் கால்குலேட்டருக்குச் சந்தா கேட்டால் ஒற்றை நட்சத்திர ரிவ்யூதான் மிஞ்சும். அங்கே ஒருமுறைக் கட்டணம் போதும்.

கூகுள் பிளேயில் இலவசமாக வெளியிட்ட ஆப்பைப் பிறகு கட்டண ஆப்பாக மாற்ற முடியாது. பரவாயில்லை, உள்ளே முழுப் பதிப்பை விற்பதே மேல். வாங்கியவர் போனை மாற்றினால் திரும்பப் பெற 'ரீஸ்டோர்' பட்டன் வையுங்கள். இல்லாவிட்டால் வெளியிடும் முன் ஆப்பிள் செய்யும் பரிசோதனையிலேயே ஆப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விலையில் கமிஷனைக் கழித்துப் பாருங்கள். ஆப்பிளின் வழக்கமான பங்கு 30%. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்கு 15%தான், ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

சந்தாவில் சத்தமில்லாமல் ஆள் கழல்வது கார்டு காலாவதியாகும்போது. பணம் வராத அன்றே ஆப்பைப் பூட்டாதீர்கள். ஆப்பிளில் 3, 16, 28 நாள் என்று அவகாசம் வைக்கலாம். மாதச் சந்தாவுக்கு 16 நாள் வைப்பேன்.

விளம்பரமா? தினமும் பலமுறை திறக்கும் ஆப்பு இல்லையென்றால் அதை மறந்துவிடுங்கள்.