பத்து முடிச்சுகளா, இருபதா?

சிறுநீரகப் பயாப்சி (ஊசியால் திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் நோயின் பெயரைத் தேடிக் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். அத்தகைய அறிக்கைகளை எழுதுவதையே பணியாகக் கொண்ட நான், தொடக்க வரிகளில் உள்ள ஓர் எண்ணை முதலில் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். எடுத்த திசுவில் எத்தனை குளோமெருலஸ்கள் கிடைத்தன என்பதே அந்த எண்.

இரத்தத்தை வடிகட்டும் இந்த நுண்ணிய முடிச்சுகள் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. ஊசியில் வருவதோ நூலிழை போன்ற ஒரு துணுக்கு. அதை உப்புநீரில் இட்டு உருப்பெருக்கியில் பார்த்தால், வெளிறிய திசுவில் முடிச்சுகள் சிவந்த புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளே தென்படவில்லையெனில் முடிச்சுகள் இருக்கும் வெளி அடுக்கான புறணியை ஊசி தொடவில்லை, அல்லது அதைக் கடந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று பொருள்.

எஃப்எஸ்ஜிஎஸ் எனப்படும் தழும்பு நோய் எல்லா முடிச்சுகளையும் ஒருசேரத் தாக்குவதில்லை. நூற்றில் பத்து முடிச்சுகளே பழுதாகியிருப்பதாகக் கொள்வோம். 10 முடிச்சுகள் உள்ள திசுவில் அவற்றுள் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 35 விழுக்காடு, 20 முடிச்சுகள் கிடைத்தால் அது 12 விழுக்காடாகக் குறைகிறது. மேலும், இந்தத் தழும்பு பெரும்பாலும் புறணியின் அடியாழத்திலுள்ள முடிச்சுகளில்தான் தொடங்குகிறது. மேலோட்டமாக எடுத்த திசுவில் எல்லாம் இயல்பாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் முடிச்சின் வடிகட்டிச் சுவரைப் போர்த்தியிருக்கும் போடோசைட் உயிரணுக்களின் கால்கள் தட்டையாகியிருப்பதுதான் தெரியும் என்பதால், இதே தோற்றம் கொண்ட, தழும்பில்லாத மினிமல் சேஞ்ச் நோய் என்றே எழுதத் தோன்றும். முன்பொருமுறை ஆறு முடிச்சுகளை வைத்து நான் அப்படித்தான் எழுதினேன். ஸ்டீராய்டுக்கு நோய் கட்டுப்படாததால் மாதங்கள் கழித்து மறுபடியும் எடுத்த திசுவில், ஆழத்திலிருந்த மூன்று முடிச்சுகள் தழும்பேறியிருந்தன. அந்த மாதங்களை நோயாளிக்கு என்னால் திருப்பித் தர இயலாது.

எல்லா நோய்க்கும் இவ்வளவு எண்ணிக்கை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடிகட்டிச் சுவர் தடித்துப்போகும் மெம்பரேனஸ் நோய் எல்லா முடிச்சுகளிலும் பரவியிருப்பதால் ஒரே முடிச்சுகூட அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1968-இல் பிரான்சைச் சேர்ந்த பெர்ஜேயும் ஆங்லேயும் விவரித்த ஐஜிஏ படிவு (ஐஜிஏ என்னும் எதிர்ப்புரதம் முடிச்சுகளில் படிவது) ஒளிரும் சாயமிட்ட பரிசோதனையில்தான் உறுதிப்படுகிறது. ஆகவே திசுவில் ஒரு பகுதியை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போடாமல் தனியே அனுப்புவது அவசியம். பிறை வடிவ உயிரணுத் திரள் பல முடிச்சுகளை அடைத்திருந்தால் அது அவசர நிலை என்பதால், அறிக்கையைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிடுவேன்.

முடிச்சுகள் குறைவாகக் கிடைத்த திசுவுக்கு இப்போது, "இந்த எண்ணிக்கையை வைத்து எஃப்எஸ்ஜிஎஸ் இல்லையெனக் கூற இயலாது" என்று தவறாமல் எழுதுகிறேன். இரத்தக்கசிவு அபாயத்தைத் தாங்கி மறு பயாப்சி செய்வதா, சிகிச்சையைத் தொடங்கிச் சிறுநீரில் புரதம் குறைகிறதா எனப் பார்ப்பதா என்பதை நோயாளியும் மருத்துவரும் அந்த வரியை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.