கொதிக்க வைத்தாலும் போகாதது

வயலில் போடும் யூரியா முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் நைட்ரேட்டாக மாறி, மழை பெய்ததும் வேருக்குக் கீழே இறங்கிவிடும். மண்ணால் அதைப் பிடித்து வைக்க முடியாது, நேரே நிலத்தடி நீர்தான். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரம் 1992 முதல், தன் குடிநீர் ஊறும் பகுதி விவசாயிகள் இயற்கை முறைக்கு மாறப் பணம் தருகிறது. அதே கணக்குதான் எங்களுடையதும், ரொம்பச் சின்ன அளவில்.

சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயிக்குப் பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிடுகிறோம். விளைந்ததில் பங்கு. விளைச்சல் குறைந்தால் நஷ்டத்திலும் பங்கு. அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு கை உரம் வீச வேண்டிய பயம் அவருக்கு இல்லை. அறுவடை முடிந்ததும் மூடுபயிர் விதைக்கிறார். மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டை அதன் வேர் உறிஞ்சிக்கொள்ளும். (தொழுவுரமானாலும் அளவு மீறினால் இதே கதைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

முதல் கூடையில் கோணல் காய்களைப் பார்த்து முகம் சுளித்தேன். இந்த வாரமும் கீரையில் ஓட்டைதான். சரி, கழுவி நறுக்கியாயிற்று.