மெழுகு பதம்

தை 5

நெல் வயலில் தண்ணீரை வடித்து ஒன்பது நாள். அறுப்புக்கு முன்னால், நிற்கும் நெல்லுக்குள் உளுந்து தூவணும். இன்னும் குதிகால் புதைகிறது. பொறுக்க வேண்டும்.

தை 6

வடக்கு மடையோரம் மட்டும் ஈரம் விடவே மாட்டேன் என்கிறது. மண்வெட்டியால் ஒரு கோடு இழுத்து வாய்க்காலுக்கு வழி விட்டாயிற்று. இந்த உளுந்துக்கு இடுப்பு வளையும் வேலை இதோடு சரி.

தை 8

ஒரு பிடி மண்ணை உருட்டினால் உருண்டை நிற்கணும். உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. அமுக்கினால் விரல் ரேகை பதியணும். அதுதான் மெழுகு பதம். சேற்றில் தூவினால் விதை மூச்சு முட்டி அழுகும். பதம் தாண்டிக் காய்ந்துவிட்டால் விதை ஊறும், முளையும் விடும், ஆனால் வேர் இறங்காமல் மேலேயே காய்ந்து கிடக்கும். நடுவில் கிடைப்பது மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அதுவும் நெல் நிற்கும்போதே வரணும்.

அறுப்பு மெஷின்காரர் 13-ஆம் தேதி என்கிறார். என்கிறார்.

தை 9

ஆடுதுறை 3 ரக உளுந்து, ஏக்கருக்கு 12 கிலோ. நேற்றே கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சை, கலந்து வைத்தது. இன்று காலை ஆறிய கஞ்சியில் வேரில் முடிச்சுக் கட்டும் பாக்டீரியாவான ரைசோபியம் ஒரு பொட்டலம், 200 கிராம், குழைத்துப் புரட்டி நிழலில் அரை மணி நேரம் உலர்த்தல். கஞ்சி கொழகொழவென்று அதிகமானால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாய் விழும். சூடு ஆறாத கஞ்சி என்றால் பாக்டீரியா செத்துவிடும். நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

மாலைதான் தூவணும். காலையில் நெல் தாளெல்லாம் பனி. விதை இலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பாதியைக் கிழக்கு மேற்காக, மீதியைத் தெற்கு வடக்காக. சாய்ந்து கிடக்கும் நெல்லில் மட்டும் ஒரு குச்சியால் தட்டிவிட்டால் விதை கீழே இறங்கும். வீச வீசக் கைக்கு ஒரு தாளம் வந்துவிடும், வந்தபின் விதை தானாகச் சமமாய் விழும். தாளம் வருவதற்கு முன் வீசிய முதல் பத்தடியை, விதை முளைத்ததும் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஏக்கருக்கு ஒன்றே கால் மணி நேரம். முடிந்தது.

தை 13

மெஷின் வரவில்லை.

தை 14

வரவில்லை. முளை ஒரு அங்குலம். முளை தலை தூக்குவதற்குள் அறுத்துவிட்டால் வண்டி ஏறினாலும் பெரிய சேதமில்லை. இரண்டு இலை விரிந்தபின் ஏறினால் நசுங்கியது நசுங்கியதுதான். கை அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் தூவலாம், மெஷின் என்றால் இரண்டு மூன்று நாள் போதும். இது தெரிந்தும் தேதியை நம்பித் தூவியாயிற்று. பதம் காத்திருக்காதே.

தை 16

அறுத்தாயிற்று. பெல்ட் வண்டி. டயர் வண்டி என்றால் இன்னும் ஆழமாய்ப் பள்ளம் விழுந்திருக்கும்.

தை 18

மெஷின் துப்பிய வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. அதற்கடியில் விலக்கிப் பார்த்தால் முளைகள் வெள்ளை நூல் மாதிரி நீண்டு வெளிச்சத்தைத் தேடுகின்றன. இன்னும் இரண்டு நாள் விட்டால் தலை சாய்ந்துவிடும். வைக்கோல் கட்டும் மெஷினைக் கூப்பிட்டால் இன்னொரு முறை மிதி. கவைக்கோலால் உதறிப் பரப்பியது, இரண்டு ஆள், அரை நாள்.

ஜப்பானில் ஷிகோகு தீவில் இயற்கை விவசாயி ஃபுகுவோகா செய்ததும் இதுதான். நெல் நிற்கும்போதே குளோவர் என்ற தழைச் செடியும் பார்லியும் தூவி, அறுத்த வைக்கோலை அதே வயலில் இறைத்துவிடுவார். இறைப்பதுதான் விஷயம், குவிப்பதல்ல. 1988-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். நம் பக்கத்தில் இதற்கு ஒரு பேர்கூட வைக்காமல் தாத்தா காலத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறோம். சிலர் சோம்பேறிப் பயிர் என்பார்கள். சொல்லட்டும்.

தை 21

பக்கத்து வயலில் டிராக்டர். களிமண்ணைத் தையில் புரட்டினால் இரண்டே நாளில் கல்லு கல்லாய்க் கட்டி. உள்ளே இருந்த ஈரத்தை வெயில் குடித்துவிடும், பிறகு தண்ணீர் வைக்கணும். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடும். தண்ணீர் எங்கிருந்து வரும்? உழாத மண்ணில் ஈரம் அடியிலேயே நிற்கிறது, உளுந்து வேர் அதைத் துரத்திக்கொண்டு இறங்குகிறது. மேலுக்குப் பனி.

தை 25

நாலு குச்சியால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி எண்ணினது: 41, 36, 29. வண்டித் தடத்தில் 12. சதுர மீட்டருக்கு 33 செடி இருந்தால் போதும். தடம் கண்ணை உறுத்துகிறது. அதில் மறுபடி விதை ஊன்றலாமா என்று இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியாயிற்று. ஊன்றினாலும் பிந்திப் பூக்கும், பிந்திக் காய்க்கும், அறுப்பில் தொல்லை.

மாசி 3

சும்மா இரு.

மாசி 6

ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசினால் வேர் முழுக்கக் கடுகு கடுகாய் முடிச்சு. நகத்தால் ஒன்றைக் கீறியதில் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து தயாராகிறது என்று அர்த்தம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. செடி வெளிறித் தெரிகிறதே என்று இப்போது யூரியா போடுகிறவர்கள் உண்டு. சும்மா கிடைத்தால் செடி எதற்கு முடிச்சுக் கட்டும்?

வண்டித் தடத்துச் செடிகள் அகலமாய்க் கிளை விட்டு இடத்தை மூடுகின்றன. ஊன்றாதது நல்லது.

மாசி 9

மஞ்சள் தேமல் நோய், மூன்று செடி. பிடுங்கிப் புதைத்தது. வெள்ளை ஈ பரப்புகிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து, செடி உயரத்துக்கு. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் கலக்கும். இலையின் அடிப்பக்கம் நனையணும்.

மாசி 10

இன்னும் இரண்டு.

மாசி 11

இல்லை. நிம்மதி.

மாசி 13

பூ. டிஏபி உரம் 4 கிலோவை நேற்று ராத்திரி 20 லிட்டரில் ஊறவைத்தது, தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி 200 லிட்டராக்கி மாலையில் தெளிப்பு. அடிவண்டலைச் சேர்த்து ஊற்றினால் நாசில் அடைக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தரம்.

மாசி 28

இரண்டாம் தெளிப்பு. தரையில் விரல் நுழையும் வெடிப்பு.

பங்குனி 9

காய் கறுக்கத் தொடங்கிவிட்டது. வயலுக்குப் போக வேலை ஒன்றும் இல்லை. போய்வந்தது.

பங்குனி 18

நூறு காய் எண்ணினால் 70 கறுப்பு. 80 ஆனதும் அடியோடு அறுக்கணும், பிடுங்கக்கூடாது. முடிச்சு மண்ணிலேயே இருக்கட்டும், அடுத்த நெல்லுக்கு.

பங்குனி 19

கிழக்கே மேகம். முற்றிய காயில் மழை விழுந்தால் செடியிலேயே முளைத்துவிடும். 75 இருக்கும். ஆளுக்குச் சொல்லியிருக்கிறது, விடிந்தால்