இபு ஹேக்கே: இடுப்பு இணைப்பு ஒருவழியாகப் பிடித்தது

தரையில் மோதும்போதெல்லாம் எழுந்த கரகரப்பு நின்று, என் இபு ஹேக்கே (இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் ஹவாய்த் தாளக்கருவி) இப்போது ஒரே குரலில் ‘ஊ’ என்கிறது. குடுக்கையைக் காயவைப்பது, பூஞ்சை படிந்த மேல்தோலைச் சுரண்டுவது, கூழாங்கல் போட்டுக் குலுக்கி உள்நாரை உதிர்ப்பது ஆகியவை எல்லோரும் அறிந்தவை என்பதால், என்னைப் பாடாய்ப் படுத்திய, இரு குடுக்கைகளும் சேரும் இடுப்பு இணைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கீழ்க்குடுக்கையின் கழுத்தை அறுத்த வாயும் மேல்குடுக்கையின் அடியை அறுத்த வாயும் ஒரே அளவில் இருந்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் எந்தச் சுரைக்காயும் சரியான வட்டமாக விளைவதில்லை. ஒரு பக்கம் ஓடு தடித்திருந்தால் எதிர்ப்பக்கம் மெலிந்திருக்கும். கண்ணாடிப் பலகையின்மேல் உப்புத்தாளை விரித்து, அறுத்த வாயை அதன்மீது கவிழ்த்துச் சுழற்றித் தேய்த்தால்தான் விளிம்பு சமமாகிறது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, இருட்டறையில் மேல்குடுக்கையின் உச்சியிலுள்ள வாய் வழியே கைவிளக்கை உள்ளே காட்டி, மேல்குடுக்கையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வந்தேன்; ஓரிடத்தில் இடைவெளியில் கசிந்த ஒளிக்கீற்று முற்றிலும் மறைந்தது. அந்த நிலையிலேயே இரண்டின் மீதும் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, தேய்த்தபோது உதிர்ந்த ஓட்டுத்தூளை மரப்பசையில் குழைத்து ஒட்டினேன். ஹவாயில் முன்னோர் இதற்கு ஈரப்பலாவின் பாலைப் பயன்படுத்தினார்கள். அது கைக்கு எட்டாதபோது ஓட்டுத்தூள் கலந்த பசையே மேல் என்பது என் முடிவு.

மெத்தென்ற விரிப்பின்மேல் மோதினால் ‘ஊ’, விரல்களால் பக்கத்தில் தட்டினால் ‘தே’ என்ற இரண்டே ஒலிகளை வைத்துக்கொண்டு பழைய பாணி ஹூலா என்னும் ஹவாய் நடனம் ஒன்றை முழுவதுமாக நடத்திவிடுகிறார்கள். ஹவாயின் ஹீலோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மெர்ரி மோனார்க் ஹூலா விழாவின் பதிவுகளோடு ஒப்பிட்டால், என்னுடையதில் ‘ஊ’ தேறிவிடுகிறது, ‘தே’ இன்னும் மட்டமாகத்தான் ஒலிக்கிறது. ஓடு தேவைக்கு மேல் தடித்திருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

குடுக்கை வாங்குபவர்கள் மெருகேற்றி விற்கப்படுவதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பூச்சுக்கு அடியில் விரிசல் தெரியாது. விதைக்காகக் கொடியிலேயே முற்றவிடும் விவசாயியிடம் கேட்டால் கனமான காய் கிடைக்கும். அடுத்ததாக, தேங்காய் ஓட்டில் மீன்தோல் போர்த்தித் தொடையில் கட்டி வாசிக்கும் பூனியு என்னும் சிறு முரசைச் செய்ய எண்ணி, தோலுக்கு இப்போதே ஆள் தேடுகிறேன். இந்த இபு ஹேக்கேவுக்கோ மணிக்கட்டுக் கயிறு கட்டுவதும், மேல்வாயின் விளிம்பை வழவழப்பாக்கி எண்ணெய் பூசுவதும் இன்னும் பாக்கி.