கண்ணைப் பற்றிச் சொல்வதா, விடுவதா?

முதுகெலும்பு சத்திரசிகிச்சைக்கு வருகிறவரிடம் கண்ணைப் பற்றி, மிக அரிதாகப் பார்வை போகலாம் என்று, சொல்லத்தான் வேண்டுமா? எங்கள் தியேட்டரில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. நான் சொல்லும் கட்சி. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்ததிலிருந்து அந்தக் கட்சியில் முன்போல் நிற்க முடியவில்லை.

அறுபது தாண்டியவர், நல்ல பருமன். பல இடத்தில் ஸ்க்ரூ போடும் நீண்ட வேலை. முதல்நாள் பின்னேரம் வாட்டுக்குப் போய், குப்புறக் கிடத்துவோம், எழும்பும்போது இமை வீங்கியிருக்கும், அது வற்றிவிடும், மிக அரிதாகச் சிலருக்குப் பார்வை போகலாம் என்றேன்.

“முதுகைத்தானே மனே வெட்டுற, கண்ணுக்கு என்ன?”

நியாயமான கேள்வி. கண்ணை அழுத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்வை போனவர்களுக்கென்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இல் பதிவேடு தொடங்கி, 2006இல் வெளியிட்ட 93 முதுகெலும்பு நோயாளிகளில் 83 பேருக்குக் கெட்டது பார்வை நரம்பு, இரத்தம் போதாமல். அவர்களில் 16 பேரின் தலை, மண்டையோட்டில் ஊசி பதித்துத் தாங்கும் பிடியில் நின்றது. கண்ணில் எதுவுமே படவில்லை. 96 வீதமானோருக்கு ஒன்றில் மயக்கம் ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ நீடித்தது, அல்லது ஒரு லீற்றருக்குக் குறையாமல் இரத்தம் போனது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. வயிறு அமுங்காமல் கிடத்துவோம், தலையை நெஞ்சுக்குக் கீழே இறங்க விடமாட்டோம், கண்ணை அடிக்கடி பார்ப்போம் என்றேன்.

“கண் போனா வயலை ஆர் பாக்கிற?” என்றார்.

“கால் வராம கிடந்தா மட்டும் வயலுக்குப் போகவா போறீங்க? கையெழுத்த வைங்க” என்றது மனைவி. அவர் வைத்தார்.

சத்திரசிகிச்சை ஒழுங்காக முடிந்தது. தலைமாட்டை உயர்த்தி, முகத்துக்குக் கீழே சின்னக் கண்ணாடி வைத்து, பிளாஸ்டர் ஒட்டிய கண்களைக் குனிந்து குனிந்து பார்த்ததில் எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது.

ரிகவரியில் கால்விரலை அசைத்தார். எல்லோருக்கும் சந்தோசம், அவரைத் தவிர. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக் கிடந்தன. “போயிற்று மனே, நீங்க சொன்னது நடந்திற்று” என்று என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. வீக்கம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு இமையை விரலால் தூக்கி, மற்றக் கையை அவர் பிடியோடேயே உயர்த்தி, எத்தனை விரல் என்றேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “மூணு. மோதிரம் போட்டிருக்கீங்க” என்றார்.

இமை வீங்கும் என்பதையும் சொல்லித்தான் இருந்தேன். அவர் மனதில் நின்றது மற்றது.

“பத்தாயிரத்தில மூணு பேருக்கு வாறதுக்கு எல்லாரையும் பயப்படுத்துறீங்க” என்றார் என் சீனியர். அந்தக் கணக்கும் அமெரிக்காவில் எடுத்ததுதான். இருட்டில் கண் விழிக்கிற அந்த மூவருக்கு யார் பதில் சொல்வது என்றேன். முன்கூட்டிச் சொன்னால் நோயாளி உடனே முறையிடுவார், கண் வைத்தியரை உடனே கூப்பிடலாம் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அந்த வாதம் தேய்ந்தது. கூப்பிட்டு என்ன செய்வது? பிறஷரையும் இரத்தத்தையும் சரிசெய்வோம். அதற்கு மேல் அந்த நரம்பை மீட்கும் என்று நிரூபித்த மருந்து ஒன்றும் இல்லை.

வழிகாட்டிகள் என் பக்கம் சாய்கின்றன: நீண்ட வேலை, அதிக இரத்த இழப்பு என்றால் சொல்வதை யோசியுங்கள் என்கின்றன. யோசியுங்கள் என்றுதான். அவருக்காகச் சொன்னேனா, ஃபைலுக்காகவா என்பது சில இரவுகளில் ஒரு மாதிரியும் சில இரவுகளில் வேறு மாதிரியும் தெரிகிறது. வயல் அவருடையது, கண் அவருடையது, தெரியாமல் கையெழுத்து வைக்கச் சொல்ல என்னால் முடியாது. இது மட்டும் மாறவில்லை.

இப்போதும் சொல்கிறேன். வரிசையைத்தான் மாற்றிவிட்டேன்: பார்வை முதலில், வீக்கம் கடைசியில். கடைசியில் கேட்டதுதானே மனதில் நிற்கும்.

சீனியர் சிரித்தார். “அப்ப முதல் சொன்னத மறக்கட்டும் எண்டுதானே?”

அப்படித்தானோ என்னவோ.