அம்மா தொட்ட இரண்டு

கோவை ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் ஒரு தெர்மாமீட்டர் படம். அடியில் 0, உச்சியில் 10. பார்த்ததுமே அம்மா, "ஜுரமெல்லாம் இல்லைங்க" என்றாள். இது மனக்கஷ்டத்தை அளக்கிற தெர்மாமீட்டர், இன்றையும் சேர்த்துப் போன ஒரு வாரத்தில் எவ்வளவு இருந்தது என்று தொட்டுக் காட்டினால் போதும் என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். அம்மா 2-ஐத் தொட்டாள். 4 அல்லது அதற்கு மேல் என்றால்தான் கூடுதலாக விசாரிப்பார்கள். நாங்கள் பவானிக்குப் பஸ் ஏறிவிட்டோம்.

எங்கள் வீட்டில் இருப்பது ஜமக்காளத் தறி. அகலத் தறி என்பதால் குழியில் இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்ய வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அப்பா. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பிறகு அம்மாவின் இடக்கை வீங்கிவிட்டது. குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை அந்தக் கையால் இனி வீச முடியாது. அவள் இடத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருகிறார். கூலி நாள் தவறக் கூடாதே, வேறு வழியில்லை.

அம்மா அழவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், அந்த அக்காவின் குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சவும் செய்தாள். ஒரு நாள் சிவப்புப் பட்டைக்கு அடுத்துப் பச்சை வர வேண்டிய இடத்தில் நீலம் ஏறியது. திண்ணையிலிருந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். நான்கு விரற்கடை நீலம் வளரும் வரை வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம் ஓர் இழை பிசகினாலும் அடுப்படியிலிருந்தே குரல் வரும். அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அந்தத் தெர்மாமீட்டர் நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவரின் குழுவில் உருவானது, 1998-ல் வெளிவந்தது. நல்ல கருவிதான். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட முடிகிறது. ஆனால் என் அம்மாவுக்கு வந்தது வேறு. மெல்போர்னில் டேவிட் கிஸ்ஸேன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட 24 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. வாழ்வின் பொருள் கைநழுவிப் போவதையும், மனம் தளர்ந்து கைவிடுவதையும் அது தனியாக அளக்கிறது. மனச்சோர்வு உள்ளவருக்கு எதிலும் இன்பம் இராது. மனம் தளர்ந்தவர் குழந்தையைக் கொஞ்சிச் சிரிப்பார். நாளைக்குத் தான் எதற்கு என்பதுதான் அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குக் கொடுக்க என்னிடம் மதிப்புள்ளது ஏதேனும் இருக்கிறதா என்பதையும் அந்தக் கேள்விகள் தொட்டுப் பார்க்கின்றன. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அடுத்த வரி ஓடவில்லை.

எண் கேட்டால் அம்மா சொல்ல மாட்டாள். நம் பக்கத்துப் பெண்கள் யாரிடம்தான் கஷ்டத்துக்கு எண் சொல்லியிருக்கிறார்கள்? இரவில் அவள் கையை மேல்நோக்கி நீவிவிட்டுக்கொண்டே கேட்டேன்: "அம்மா, நீ இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலை இந்த வீட்டில் இப்போது என்ன இருக்கிறது?"

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "குழியில் என் இடம் ஆறிப்போவதற்குள் ஆள் வந்துவிட்டது அம்மிணி. நான் இல்லாமலும் நாடா ஓடுகிறது" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீங்கிய கையை மட்டும் என்னிடமே விட்டு வைத்திருந்தாள்.

அடுத்த முறை போனபோது இந்த வார்த்தைகளை அப்படியே ஆலோசகரிடம் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நானே சொல்கிறேன்" என்றாள். ஆலோசகர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோது அம்மாவின் முந்தானை நனைந்திருந்தது. மேசையில் அதே தெர்மாமீட்டர்த் தாள். இந்த முறை 5-ஐச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள், வலக்கையால், பேனா தாளில் பதியும்படி அழுத்தி.