சல்லாரி

ஜூன் 4
இன்றைக்கும் போன் வரவில்லை.

ஜூன் 5
மகள் வீட்டுக்கு வர ஆறு மணி. ரியூசனுக்குப் போகவில்லை. தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழகுகிறார்களாம், வடமோடி. பாஞ்சாலி வேசம் கேட்டவளுக்குக் கிடைத்தது சல்லாரி, கூத்துக்குப் போடுகிற கைத்தாளம். “கரையில நிண்டு தாளம் தட்டவா கணக்குப் பாடத்தை விட்டனி?” என்று கேட்டுவிட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கச்சான் காற்று விடியும்வரை யன்னலைப் போட்டு அடித்தது. எனக்கும் நித்திரை இல்லை.

ஜூன் 9
குசினியில், கிணற்றடியில், எங்கு பார்த்தாலும் ததிங்கிணதோம். கரண்டியால் மேசையில் தட்டுகிறாள். போன் அடித்தால் எனக்குக் கேட்காது என்று ஏசினேன். அடிக்கவில்லை.

ஜூன் 14
பழக்கம் பார்க்கப் போனேன். கோட்டை வாசலில் மான்கள் படுத்துக் கிடந்தன. பள்ளிக்கூட மண்டபத்தில் அதிபர் மின்விசிறியைக்கூடப் போட விடவில்லை, பிற்பாட்டுக் கேட்காதாம்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மூதூர்ப் பக்கத்தவர். அப்பப்பா கொட்டியாரத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்த கதையெல்லாம் சொல்வார். கூத்தாடுகிற களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனமாம். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரே பக்கம்தான் சனம், அதுவும் சுருக்கின கூத்து. ‘சுருக்கினால் கூத்தா?’ என்று அப்பப்பா கேட்பார். ஆனால் பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ மேடையேற்றியதும் சுருக்கித்தானே? அப்படிச் செய்திராவிட்டால் என் மகளின் கைக்குச் சல்லாரி வந்திருக்குமா?

மத்தளக்காரப் பையன் ஆர்வத்தில் ஓடுகிறான். அவன் ஓடினால் ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், பாட்டு உடையும். அவனை இழுத்துப் பிடிப்பது சல்லாரி. மகள் அவனைப் பார்க்கவேயில்லை. ஆடுகிறவர்களின் கால்களையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். துரியோதனன் களைத்த இடத்தில் ஒரு நூல் தளர்த்தினாள், அவன் பாட்டை முடித்துக்கொண்டான். வேறு யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

பிற்பாட்டுக்கு நிற்கிற இரண்டு பேர் வகுப்பில் கதைப்பதில்லையாம். இங்கே ஒரே அடியை ஒரே மூச்சில் எடுக்கிறார்கள். எந்த ரியூசனில் இது கிடைக்கும்?

ஜூன் 20
இன்னும் பத்து நாளாம். போன முறையும் பத்து நாள்தான் சொன்னார்கள்.

ஜூன் 22
சோறு போடும்போது கேட்டாள்: “அம்மா, உங்களுக்கு என்ன?”

ஒன்றுமில்லை என்றேன்.

“படி ஏறேக்க ரெண்டு தரம் நிக்கிறீங்க. போன மாசம் நிக்கேல்ல. பேசேக்க நடுவில மூச்சு எடுக்கிறீங்க.”

ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். அலுமாரியில் புடவைக்கு அடியில் வைத்த கடதாசியை அவள் பார்க்கவில்லை, அது நிச்சயம். கூத்துப் பழக முன்னம் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத பிள்ளை. கணக்கில் குறைந்தது ஆறு புள்ளி. அதைப் பற்றி இனிக் கதைக்க மாட்டேன்.

ஜூன் 23
எல்லாம் சொன்னேன். அழவில்லை. “கூடச் சொல்லாதீங்க, மெதுவாச் சொல்லுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28
மட்டக்களப்புக்கு விடிய நாலு மணிக்கு பஸ். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது பிள்ளைகளுக்குச் சொன்னேன், 2009இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தை மிதவைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம் என்று. ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாரும் பாட்டு.

மேடையில் பாஞ்சாலிக்கு அடி மறந்துபோனது. பிற்பாட்டுக்காரர் போன அடியையே திரும்ப எடுத்தார்கள், மத்தளமும் பின்னால் போனது, சல்லாரி ஒரு தட்டும் பிசகவில்லை. மூன்றாவது சுற்றில் அந்தப் பிள்ளைக்கு அடி வந்துவிட்டது. சனத்துக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் கை நடுங்கியது.

இரண்டாம் இடம். அகில இலங்கைக்குப் போக முடியாது. திரும்பும் வழியில் பாஞ்சாலி மகளின் தோளில் நித்திரை.

ஜூலை 1
சல்லாரியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டாள். வீடு ஓய்ந்துபோய்க் கிடக்கிறது.

ஜூலை 3
பத்தரைக்குப் போன் வந்தது. நாளைக்கு ஒன்பது மணிக்கு வரட்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு. மகள் சீருடையை மடித்து வைத்துவிட்டு வேறு சட்டை எடுத்து வைக்கிறாள்.